கையுறை போட்டால் கை கழுவ வேண்டாமா?

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பில் சத்திர சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம், யூரின் டியூப் இன்னும் இருக்கிறது. பார்க்க வருகிற மிஸ்ஸி கை கழுவிவிட்டுத்தான் கையுறை போடுகிறார், கழற்றியதும் மறுபடி கழுவுகிறார். நான் கையுறை மட்டும் போட்டால் போதாதா?
– வாசகி, உப்புவெளி

பதில்: போதாது. கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கலாம், அப்புறம் அதன் வெளிப்பக்கம் விரலில் படாமல் கழற்றுவது பழகினவர்களுக்கே தவறுகிற வேலை. அதைவிடப் பெரிய சிக்கல், கையுறை தருகிற தைரியம். யூரின் பேக்கை வெறுமையாக்கிய அதே கையுறையோடு தலையணையைச் சரிசெய்து, போனை எடுத்து, அம்மாவின் வாயையும் துடைத்துவிடுவோம். அப்படியானால் அது உங்கள் கைக்குக் காவல், அம்மாவுக்கு என்ன காவல்?

உலக சுகாதார ஸ்தாபனம் 2009இல் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து வேளைகளைச் சொன்னது: நோயாளியைத் தொடுமுன், புண்ணிலோ டியூபிலோ கை வைக்குமுன், இரத்தம் சிறுநீர் படக்கூடிய வேலைக்குப் பின், நோயாளியைத் தொட்ட பின், அவரைச் சுற்றியுள்ள பொருட்களைத் தொட்ட பின். கடைசிதான் எல்லோருக்கும் மறந்துபோவது, கட்டில் கம்பியை யார் கணக்கில் எடுக்கிறார்கள்!

வியன்னாவில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை முடித்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவ வைத்தார். பிரசவக் காய்ச்சலில் தாய்மார் இறப்பது மளமளவென்று குறைந்தது. அப்படியும் சக மருத்துவர்கள் பலர் நம்பவில்லை, அந்தக் காலத்தில் கிருமிதான் காரணம் என்று யாருக்கும் தெரியாதே.

சரி, வீட்டு விஷயம். சவர்க்காரத்தால் 40 முதல் 60 செக்கன் கழுவுங்கள், பெருவிரலையும் நுனிவிரல்களையும் விட்டுவிடாமல். மோதிரத்தைக் கழற்றுங்கள், நகத்தை வெட்டுங்கள். கழுவிய கையை வீட்டில் எல்லோரும் துடைக்கிற துவாயில் துடைத்தால் பட்ட பாடு வீண், உங்களுக்கென்று ஒன்றைத் தினமும் தோய்த்து வையுங்கள். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், ஆனால் தரையில் முட்டக்கூடாது. டியூபைப் பேக்கிலிருந்து நீங்களாகக் கழற்றாதீர்கள்.

கேள்வி: படுக்கையில் இருக்கும் அப்பாவுக்கு வயிற்றோட்டம். சானிடைசர் போதுமா?
– வாசகர், மூதூர்

பதில்: சாதாரண நேரத்தில் கை அழுக்கில்லாமல் இருந்தால் 20, 30 செக்கன் தேய்த்தால் போதும். வயிற்றோட்டத்துக்கு அதை நம்ப வேண்டாம். வயிற்றோட்டத்தை உண்டாக்கக்கூடிய குளொஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகள் (தடித்த ஓட்டுக்குள் உறங்கும் அதன் வடிவம்) சானிடைசரில் உள்ள அல்ககோலுக்குச் சாவதில்லை. சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துத்தான் அவற்றைக் கையிலிருந்து அகற்ற வேண்டும். அப்பா அண்மையில் அன்டிபயோட்டிக் எடுத்திருந்தால் இந்தக் கிருமி வர வாய்ப்பு அதிகம், டொக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.