வேலை மாற நினைக்கும் இளைஞருக்கு இளைஞர் நலப் பணியாளர் என்ன செய்வார்?

"வேலை வாங்கித் தருவாரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டார்.

முதலில் உட்கார வைத்துப் பேசுவார். பைக் பட்டறையில் 5 வருஷம் இருந்த பையன், "எனக்கு ஒன்றும் தெரியாது, பத்தாவது ஃபெயில்" என்பான். கிளறிக் கேட்டால், சத்தத்தை வைத்தே பழுதைக் கண்டுபிடிப்பான், உதிரிபாகக் கணக்கு பார்ப்பான், கோபமாக வரும் வாடிக்கையாளரைச் சமாளிப்பான். அதையெல்லாம் பயோடேட்டாவில் எழுத வைப்பதே பாதி வேலை. கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லையா? 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்றிதழ் தருவார்கள்.

அப்புறம் வீட்டுக் கணக்கு. சம்பளம் நின்றால் சீட்டுக்கும் வண்டித் தவணைக்கும் என்ன வழி? அதனால் நல்ல பணியாளர் பழைய வேலையை உடனே விடச் சொல்லமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் புதுத் தொழில் நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்வார். ஏ.சி. மெக்கானிக் ஆக ஆசைப்பட்டவன், நாலாவது மாடி வெளிச்சுவரில் நின்று வேலை பார்ப்பதைக் கண்டதும் மனசு மாறலாம். மாறினாலும் நல்லதுதான்.

தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுப் பக்கம் போகிறவர் என்றால், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு உண்டு.