ஊர் வளர்கிறது, வாடகைக்கு அறை கட்டலாமா?

கேள்வி: காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துக்கு அருகே ஓர் ஊராட்சியில் எங்களுக்கு 5 சென்ட் நத்தம் மனை (ஊர்க் குடியிருப்பு நிலம்) இருக்கிறது. அப்பா காலத்து ஓட்டுவீடு இடிந்துபோய்விட்டது. சுற்றிலும் கம்பெனிகள் வந்துவிட்டன. ஊரில் பாதி வீடுகளில் வெளியூர்ப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். கையிலுள்ள 15 லட்சத்தோடு வங்கியில் 25 லட்சம் கடன் வாங்கி, மேலும் கீழுமாக 8 அறைகள் கட்ட நினைக்கிறேன். அறைக்கு ரூ. 4,500 வாடகை வரும் என்கிறார்கள். குடும்பத்துக்கு விட்டால் ஒரு போர்ஷனுக்கு ரூ. 7,500 போகிறது. குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. ஊர் இன்னும் வளருமா? இந்தக் கடனை நம்பி வாங்கலாமா?

பதில்: கட்டுங்கள். ஆனால் 8 அறைகள் வேண்டாம், 25 லட்சம் கடனும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் ஊர் வளரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. எதனால் வளர்கிறது என்பதில்தான் உங்கள் கடனின் தலையெழுத்து இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள்தான். மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். ஆகவே இன்று தமிழ்நாட்டில் ஒரு கிராமம் சட்டென்று பெருகுகிறது என்றால் அது தொட்டிலில் நடக்கும் வளர்ச்சி இல்லை. பஸ்ஸில் வந்து இறங்கும் வளர்ச்சி. பழைய, பிரிக்கப்படாத காஞ்சிபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் சுமார் 28.8 லட்சம், 2011இல் சுமார் 40 லட்சம். பத்தாண்டில் ஏறக்குறைய 39 சதவீதம். அதே பத்தாண்டில் மாநிலம் 15.6 சதவீதம்தான் வளர்ந்தது. இதில் பெரும்பங்கு சென்னையை ஒட்டிய புறநகர்களுக்குப் போனது உண்மை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று மேற்கே விரிந்த தொழிற்சாலைகளும் இந்தக் கணக்கில் அடக்கம்.

வந்து இறங்கியவர் திரும்ப ஏறிப் போகவும் முடியும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசி ஆலை 2006இல் திறந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாவட்டங்களிலிருந்தும் வந்து வேலை பார்த்தார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. எட்டே ஆண்டுகள். உங்கள் வீட்டுக்கடன் 15 ஆண்டுகளுக்கானது என்றால், அதில் பாதிதான் அந்த ஆலையின் ஆயுள். பிறகு அதே வளாகத்துக்கு வேறொரு நிறுவனம் வந்தது, மறுபடியும் ஆட்கள் வந்தார்கள். நடுவில் கழிந்த ஆண்டுகளில் வங்கித் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்திருக்கும். மறைமலை நகரில் ஃபோர்டு 2022இல் கார் உற்பத்தியை நிறுத்தியபோதும் இதே பாடுதான். ஒரே கம்பெனியை நம்பிய அறைக்கு அந்தக் கம்பெனியின் ஆயுள்தான் ஆயுள்.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் பூந்தமல்லி அருகே ஒரு பெண்கள் விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் நோயுற்றார்கள். அவர்களுடைய தோழிகள் நெடுஞ்சாலையில் அமர்ந்து நியாயம் கேட்டார்கள். அதன்பிறகு தொழிலாளர் தங்குமிடம் என்பது அரசும் நிறுவனங்களும் நேரடியாகக் கவனிக்கும் விஷயமாகிவிட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டித் திறந்த குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். அந்தப் பெண்களுக்கு அது நல்லது. நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் அறை கட்டும் உங்களுக்கு அது போட்டி. உங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் ஒரே நாளில் இத்தனை படுக்கைகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. இதுபோல் இன்னொன்று வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அதனால்தான், இடம் வாங்க, வீடு கட்ட என்று வந்து கேட்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது: ஆட்களை எண்ணாதீர்கள், குடும்பங்களை எண்ணுங்கள். ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு உங்கள் ஊரில் கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே நடந்து பாருங்கள். வாடகை அறைகளின் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பாருங்கள். ஒரே அளவில் பத்து ஜோடி கிடந்தால் அது ஷிஃப்ட் மாறி மாறித் தூங்கும் பிள்ளைகளின் அறை. அவர்கள் பையைத் தூக்கினால் ஒரே வாரத்தில் காலியாகும். நடுவே ஒரு சின்னச் செருப்பு, மூன்று சக்கர சைக்கிள், கொடியில் பள்ளிச் சீருடை இருந்தால் அந்தக் குடும்பம் வேலை மாறினாலும் ஊர் மாறாது. பிள்ளையின் படிப்பு அவர்களைப் பிடித்து வைத்திருக்கும்.

கண்ணால் பார்த்ததை ஏட்டிலும் சரிபார்க்கலாம். அங்கன்வாடியில் எத்தனை குழந்தைகள், அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை மூன்று ஆண்டுகளாகக் கூடுகிறதா, ரேஷன் கடையில் குடும்ப அட்டைகள் எத்தனை, ஊராட்சி அலுவலகத்து வீட்டுவரிப் பதிவேட்டில் புதிதாக எத்தனை வீடுகள் ஏறியிருக்கின்றன என்று கேளுங்கள். ஊராட்சிச் செயலரிடமும் தலைமையாசிரியரிடமும் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினால் கிடைக்கும் விவரம் எந்த ரியல் எஸ்டேட் விளம்பரத்திலும் கிடைக்காது. விமான நிலையம், மெட்ரோ என்று உங்களிடம் சொல்கிறவர்களும் இருப்பார்கள். பரந்தூர் விமான நிலையத்துக்காக எந்தெந்தப் புல எண்களை எடுக்க அறிவிக்கை வந்திருக்கிறது என்பதை மட்டும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வரப்போகும் ரயிலுக்கு இன்றைக்கே வாடகை கேட்காதீர்கள்.

இனி தண்ணீர். நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கான அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர். உங்கள் ஊர் பார்வைக்கு நகரமாகிவிட்டது. ஏட்டில் இன்னும் கிராமம். ஓர் உதாரணக் கணக்கு: 4,000 பேர் உள்ள ஊருக்கு 55 லிட்டர் வீதம் நாளுக்கு 2.2 லட்சம் லிட்டர் வேண்டும். அதை வைத்துத் தொட்டியும் மோட்டாரும் போடுகிறார்கள். பிறகு 2,000 பேர் வாடகைக்கு வருகிறார்கள். தொட்டி அதேதான், மோட்டார் அதேதான். தலைக்குச் சுமார் 37 லிட்டராகிவிடும். தொட்டி இயக்குபவர் என்ன செய்வார்? கிழக்குத் தெருவுக்கு ஒருநாள், மேற்குத் தெருவுக்கு ஒருநாள் என்று முறை வைப்பார். உங்கள் ஊரில் நடப்பதும் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஊராட்சி ஏன் இன்னொரு தொட்டி கட்டவில்லை? மாநில நிதிக்குழு மானியமும் மத்திய நிதிக்குழு மானியமும் மக்கள்தொகையைப் பெரிதும் சார்ந்து பகிரப்படுகின்றன. கையில் இருக்கும் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டினுடையது. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதாவது இன்றைய ஊரின் தாகத்துக்கு 2011ஆம் ஆண்டின் ஊர்தான் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். வாடகைக்கு விடும் வீட்டுக்காரர்களில் பலர், கணக்கெடுக்க வரும் ஆசிரியரிடம் “இங்கே நாங்கள் நாலு பேர்தான்” என்று சொல்லி அனுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வரி ஏறிவிடும், மின்வாரியம் வந்துவிடும் என்ற பயம். 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனிநபர் சொன்ன விவரத்தை வேறு யாரும் பார்க்கவோ நீதிமன்றத்தில் சான்றாக வைக்கவோ முடியாது. பயத்துக்கு இடமில்லை. கணக்கெடுப்பில் ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் எண்ணப்படுவார். ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளையும் உங்கள் ஊர்க் கணக்கில் சேர வேண்டியவர்தான். பத்து பேரை மறைத்தால் பத்து பேருக்கான தண்ணீரை உங்கள் ஊர் பத்து ஆண்டுக்கு இழக்கிறது. உங்கள் வீட்டில் குடியிருப்பவர்கள் ஒருவர் விடாமல் எண்ணப்பட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் கட்டடத்துக்கு வருவோம். 8 அறையில் மூன்று மூன்று பேர் என்றால் 24 பேர். குளியல், துணி, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 100 லிட்டர் என்றாலும் நாளுக்கு 2,400 லிட்டர். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஊராட்சிக் குழாய் இதற்கு ஈடுகொடுக்காது. ஆழ்துளைக் கிணறு போட வேண்டும், அல்லது லாரித் தண்ணீருக்குப் பணம் வேண்டும். அதே 2,400 லிட்டரும் கழிவாக உங்கள் 5 சென்ட்டிலேயே இறங்கியாக வேண்டும். 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. அதில் கட்டடம் போக, செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் ஒரு மூலையில், அதிலிருந்து 50 அடியாவது தள்ளி ஆழ்துளைக் கிணறு. டேப்பைப் பிடித்து மனையில் அளந்து பாருங்கள், இடம் போதாது. இந்தத் தூரத்தைப் பார்க்காமல் கட்டிய ஒரு வீட்டில் இரண்டே ஆண்டில் கிணற்றுத் தண்ணீர் நாறிப்போனதை நான் நேரில் பார்த்தேன். குடியிருந்தவர்கள் குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினார்கள். குளித்ததும் பாத்திரம் கழுவியதும் அந்தத் தண்ணீரில்தான்.

காஞ்சிபுரம் ஏரி மாவட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் மனை ஏரியின் கலங்கலுக்கு (உபரிநீர் வழியும் இடத்துக்கு) கீழே இருக்கிறதா, போக்குக் கால்வாய் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். 2015 டிசம்பர் மழையில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று ஊரில் மூத்தவர்களைக் கேட்டு, அதற்கு மேலே தரைமட்டத்தை வையுங்கள்.

பத்திரம், அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நத்தம் என்பதால் மனைப்பிரிவு அங்கீகாரத் தொல்லை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்களிடம் இருப்பது தற்காலிகமான தோராயப் பட்டாவா, இறுதியான தூய பட்டாவா என்று பாருங்கள். வங்கி கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். பட்டா அப்பா பெயரில் இருந்தால், உடன்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசி முடித்தபிறகு செங்கல் இறக்குங்கள். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் இணையம் வழியாக உடனடி அனுமதி கிடைக்கிறது. உங்கள் மனை அந்த அளவுக்குள் வருகிறது. அது குடியிருக்கும் வீட்டுக்கான சலுகை. வீடு என்று அனுமதி வாங்கி விடுதி நடத்தாதீர்கள். பெண்களைச் சேர்த்து விடுதியாக நடத்தினால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும்.

இப்போது பணம். 25 லட்சத்துக்கு 9 சதவீத வட்டியில் 15 ஆண்டுத் தவணை மாதம் சுமார் ரூ. 25,360. எட்டு அறையும் நிறைந்தால் வாடகை ரூ. 36,000. ஆறு அறை நிறைந்தால் ரூ. 27,000, தவணை போக மிஞ்சுவது லாரித் தண்ணீருக்கே போதாது. நான்கு அறை காலியானால் வருவது ரூ. 18,000, மாதம் ரூ. 7,000க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போகும்.

இதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தில் மட்டும், தனித்தனிச் சமையலறையும் கழிப்பறையும் உள்ள இரண்டு குடும்ப போர்ஷன்களைக் கட்டுங்கள். அடித்தளத்தையும் தூண்களையும் மேல்தளத்தைத் தாங்கும் அளவுக்குப் பொறியாளரைக் கொண்டு போடுங்கள். கைப்பணம் 15 லட்சத்தோடு 10 லட்சம் கடன் போதும் என்று நினைக்கிறேன். தவணை சுமார் ரூ. 10,140. இரண்டு போர்ஷனும் போனால் ரூ. 15,000 வரும். ஒன்று காலியாக இருந்தாலும் கையிலிருந்து போடுவது ரூ. 2,600தான். எட்டுப் பேர் இருக்கும் இரண்டு குடும்பத்துக்கு நாளுக்கு 800 லிட்டர் போதும். கழிவும் மனைக்குள் அடங்கும். கம்பெனியே போனாலும் அந்த வீட்டில் நீங்கள் குடியேறலாம், உங்கள் பிள்ளை குடியேறலாம். பத்தடிக்குப் பத்தடி அறைகளின் வரிசையில் யாரும் குடித்தனம் நடத்த முடியாது.

இரண்டு மூன்று ஆண்டுகள் பாருங்கள். பள்ளிச் சேர்க்கை கூடி, குழாயில் தினமும் தண்ணீர் வந்தால் மேல்தளம் எழுப்புங்கள். அதற்குள் வரும் கிராம சபைகளில், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என எதையும் விடாமல் கலந்துகொண்டு, இரண்டாவது மேல்நிலைத் தொட்டி வேண்டும் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் தீர்மானமாக எழுத வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் அந்தத் தீர்மானத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.