பிட்ஸ்பர்க்கின் மிக உயரமான கட்டடங்கள் எவை? நியூயார்க், சிகாகோ பார்த்தவர்களுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

வெறும் உயரம்தான் கணக்கு என்றால் பிட்ஸ்பர்க்குக்கு வரவே வேண்டாம். இங்கே முதலிடத்தில் இருக்கும் யு.எஸ். ஸ்டீல் டவரே 841 அடிதான். நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் 1930-லேயே 1,046 அடியைத் தொட்டுவிட்டது. இந்த ஊரின் ஜனத்தொகை 1950-ல் ஆறே முக்கால் லட்சம். 2020 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்துச் சொச்சம். பாதிக்கு மேல் ஆள் குறைந்துபோன ஊரில் உயரப் போட்டி எங்கே நடக்கும்?

பட்டியல் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். யு.எஸ். ஸ்டீல் டவர், 64 மாடி, 841 அடி. அடுத்து பி.என்.ஒய். மெலன் சென்டர், 725 அடி. மூன்றாவது ஒன் பி.பி.ஜி. பிளேஸ், 635 அடி. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் ஒரே ஓர் அடிதான் வித்தியாசம்: ஃபிஃப்த் அவென்யூ பிளேஸ் 616, ஒன் ஆக்ஸ்ஃபோர்ட் சென்டர் 615. இதில் ஃபிஃப்த் அவென்யூ பிளேஸில் இருப்பது 31 மாடிதான். உச்சியில் நட்டுவைத்த கம்பத்தையும் அளவில் சேர்த்து நான்காம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. என்னைக் கேட்டால் அது போங்காட்டம். ஆறாவது கல்ஃப் டவர், 582 அடி. அப்புறம் 2015-ல் வந்த பி.என்.சி. வங்கியின் டவர், 545 அடி. அதையடுத்து, டவுன்டவுனை விட்டுத் தள்ளி ஓக்லாண்டில் நிற்கும் பல்கலைக்கழகக் கோபுரம் 'கதீட்ரல் ஆஃப் லேர்னிங்', 535 அடி.

பட்டியல் முடிந்தது. இனி நான் சொல்ல வருவது வேறு. டவுன்டவுனில் வேலை பார்ப்பதால் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இந்தக் கட்டடங்களைச் சுற்றித்தான் நடப்பேன். நடக்க நடக்கப் பிடிபட்ட விஷயம் இது: இந்த ஊரில் எந்தக் கம்பெனி எதை விற்றதோ, அதைக் கொண்டே தன் தலைமை அலுவலகத்தைக் கட்டியது. இரும்புக் கம்பெனி இரும்பால், கண்ணாடிக் கம்பெனி கண்ணாடியால், அலுமினியக் கம்பெனி அலுமினியத்தால். ஜவுளிக் கடைக்காரர் தன் கடைச் சட்டையையே போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாரே, அந்த மாதிரி. இப்படி ஒன்றுக்கொன்று பத்து நிமிட நடையில் இருக்கும் கட்டடங்களை வேறு ஊரில் நான் பார்த்ததில்லை.

யு.எஸ். ஸ்டீல் டவரில் ஆரம்பிக்கலாம். 1970-ல் கட்டி முடித்தார்கள். மேலிருந்து பார்த்தால் மூலைகள் உள்வாங்கிய முக்கோணம். ஒரு மாடியின் பரப்பு கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் "என்னங்க இது, பெயின்ட் அடிக்காமல் விட்டுவிட்டார்களா" என்று கேட்பார்கள். உண்மையிலேயே அடிக்கவில்லை. அது கார்-டென் என்கிற வகை எஃகு. தாமிரம், குரோமியம் மாதிரி சில உலோகங்களைக் கொஞ்சம் கொஞ்சம் கலந்து செய்வது. வெயிலிலும் மழையிலும் நின்றால் மேலே ஒரு துருப்படலம் படியும். அந்தப் படலமே உள்ளே இருக்கும் இரும்பைக் காக்கும். சாதாரண இரும்பில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து அடுத்த அடுக்கையும் தின்னும். இதில் துரு கெட்டியாக ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கிட்டே போய்ப் பார்த்தால் கரும்பழுப்பு நிறம், மேலே நுண்ணிய சொரசொரப்பு.

கம்பெனிக்காரர்கள் கணக்கில் சரியாக எடுத்துக்கொள்ளாதது மழை. படலம் கெட்டிப்படச் சில வருஷம் பிடிக்கும். அதுவரைக்கும் மழை பெய்யும்போதெல்லாம் துருத் தண்ணீர் ஒழுகி, சுற்றியிருந்த நடைபாதைகளிலும் பக்கத்துக் கட்டடங்களிலும் பழுப்புக் கறை படிந்தது. இரும்பின் பெருமையைக் காட்டக் கட்டிய கட்டடம் முதலில் ஊருக்குக் காட்டியது துருவைத்தான்.

ஆனால் இந்தக் கட்டடத்தில் எனக்குப் பிடித்தது வெளியே தெரியாத சமாசாரம். எஃகு தீயில் உருகுவதற்கு வெகு முன்பே வலுவிழந்து வளைந்துவிடும். அதனால் உயரக் கட்டடங்களில் எஃகுத் தூண்களைத் தீ தாங்கும் பூச்சாலோ கான்கிரீட்டாலோ மூடிவிடுவார்கள். மூடிவிட்டால் எஃகை எப்படிக் காட்டுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெளிப்புறத்தில் இருக்கும் 18 தூண்களையும் சுவரை விட்டு மூன்று அடி தள்ளி நிறுத்தி, அவற்றை உள்ளீடற்ற பெட்டிகளாகச் செய்து, உள்ளே தண்ணீரை நிரப்பிவிட்டார்கள். குளிர்காலத்தில் உறையாமல் இருக்க ஒரு ரசாயனம், உள்பக்கம் துருப்பிடிக்காமல் இருக்க இன்னொரு ரசாயனம். ஏதாவது ஒரு மாடியில் தீப்பிடித்துத் தூண் சூடானால் அந்த இடத்துத் தண்ணீர் சூடாகி மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். பம்ப் எதுவும் இல்லாமலே சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடும். தெருவில் நின்று பார்க்கும்போது, வெளியே துருப்பிடித்து நிற்கும் அந்தத் தூண்களுக்குள் தண்ணீர் நிற்கிறது என்று யாருக்கும் தோன்றாது.

இங்கிருந்து சில தெரு தள்ளி மெலன் ஸ்குவேர் என்று ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. 1955-ல் திறந்தது, கார் நிறுத்துமிடத்தின் கூரைமேல் அமைத்தது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே தெரிவது அலுமினியக் கம்பெனியான ஆல்கோவா 1953-ல் கட்டிய கட்டடம். 30 மாடி, 410 அடிதான், உயரப் பட்டியலில் எங்கேயோ கீழே கிடக்கிறது. ஆனாலும் இந்த ஊரில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். வெளிச்சுவர் முழுக்க அலுமினியத் தகடு. தகட்டின் கனம் எட்டில் ஒரு அங்குலம். இவ்வளவு மெல்லிய தகடு காற்றில் அதிர்ந்து நெளியும் என்பதால், ஒவ்வொரு தகட்டையும் அச்சில் அழுத்தி உள்வாங்கிய பிரமிடு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். விறைப்புக்காகச் செய்த அந்த மடிப்புகள்தான் அலங்காரமும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கம் வெளுத்தும் ஒரு பக்கம் கறுத்தும் தெரியும். சுவர் லேசானதால் உள்ளே தாங்கும் எஃகும் குறைந்தது. ஜன்னல்களை முழுவட்டமாகத் திருப்பலாம். வெளிப்பக்கத்தை அறைக்குள் நின்றே துடைத்துவிடலாம். கயிற்றில் ஆள் தொங்க வேண்டிய வேலையே இல்லை. இந்த யோசனை ஏன் ஊரெல்லாம் பரவவில்லை என்பது எனக்குப் புரியாத புதிர்.

பி.பி.ஜி. பிளேஸ் இதற்கு நேர் எதிர். முழுப்பெயர் பிட்ஸ்பர்க் பிளேட் கிளாஸ், 1883-ல் தொடங்கிய கண்ணாடிக் கம்பெனி. ஃபிலிப் ஜான்சனும் ஜான் பர்கீயும் வடிவமைத்து 1984-ல் முடிந்த வளாகம் இது. ஆறு கட்டடங்கள், நடுவில் ஒரு முற்றம். மொத்தம் 19,750 கண்ணாடித் துண்டுகள், 231 கூர்முனைகள். லண்டன் பாராளுமன்றக் கோபுரத்தைக் கறுப்புக் கண்ணாடியில் வார்த்துவைத்த மாதிரி இருக்கும். புகைப்படத்தில் இதை அடிக்க ஆளில்லை. ஊரின் விளம்பரப் படங்களிலெல்லாம் இதுதான் நடுநாயகம். முற்றத்தில் நின்றால் மட்டும் எனக்கு ஏதோ சினிமா செட்டுக்குள் வந்துவிட்ட உணர்வு. கூர்முனைகள் வைத்த இந்தப் பழைய ஐரோப்பியத் தேவாலயப் பாணிக்கு, அதாவது கோதிக் பாணிக்கு, கல்லில் செதுக்கினால்தான் அர்த்தம் என்பது என் கட்சி. நடுவில் நாலு உருண்டைகளின் மேல் ஒரு கல் தூண் நிற்கிறது. அதற்கு உள்ளூர்ப் பத்திரிகை எழுத்தாளர் ஒருவர் வைத்த பெயர் 'பெயர் தெரியாத பௌலிங் ஆட்டக்காரரின் கல்லறை'. கிரிக்கெட் பௌலிங் அல்ல, பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். பெயர் நிலைத்துவிட்டது. பிள்ளைகளோடு வருபவர்களுக்கு என் கட்சியெல்லாம் தேவையில்லை: குளிர்காலத்தில் அந்தத் தூணைச் சுற்றி ஐஸ் ஸ்கேட்டிங் தளம் போடுவார்கள், கோடையில் அதே இடத்தில் நீரூற்று.

கல்ஃப் டவர் எண்ணெய்க் கம்பெனியின் கட்டடம். எண்ணெயால் கட்டடம் எழுப்ப முடியாதே! அதனால் 1932-ல் கல்லில் கட்டி, உச்சியில் பண்டைய ஹாலிகார்னசஸ் கல்லறை மாடத்தின் பாணியில் படிக்கட்டுப் பிரமிடு வைத்து, அதில் நியான் விளக்குப் போட்டார்கள். நாளைக்கு வானிலை எப்படி என்பதை விளக்கின் நிறம் மாற்றிச் சொன்னார்கள். 1970 வரை ஊரில் இதுதான் உயரம். எதிரே 1929-ல் எழுந்த காப்பர்ஸ் கட்டடத்தின் பச்சைக் கூரை, தாமிரம் களிம்பு பிடித்த நிறத்தில், பார்க்க லட்சணமாக இருக்கும். பி.என்.சி. வங்கிக்கோ காட்டுவதற்குச் சரக்கு எதுவும் கிடையாது. அவர்கள் காற்றோட்டத்தைக் காட்டினார்கள்: இரட்டைக் கண்ணாடிச் சுவர், நடுவில் வெயிலால் சூடாகி மேலே இழுக்கும் புகைபோக்கி மாதிரியான ஒரு தண்டு, பருவம் ஒத்துவந்தால் தானாகத் திறந்துகொள்ளும் ஜன்னல்கள். மெலன் சென்டரைப் பற்றி உயரத்தைத் தவிரச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

கதீட்ரல் ஆஃப் லேர்னிங்கை மட்டும் தவறவிடாதீர்கள். 1926-ல் ஆரம்பித்தது, நடுவில் பொருளாதார மந்தம் வந்து, 1937-ல்தான் முடிந்தது. பணத்துக்காக 'ஒரு செங்கல் வாங்குங்கள்' என்று பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்குப் பத்து சென்ட் வசூலித்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிள்ளைகள் கொடுத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் பொதுக்கூடம் நாலு மாடி உயரம்; அதன் கல் வளைவுகள் எஃகுத் தாங்கல் இல்லாமல் ஒன்றையொன்று நெருக்கி நிற்பவை. வெவ்வேறு நாட்டுப் பாணியில் 31 வகுப்பறைகள் இருக்கின்றன. இந்திய அறை 2000-ல் திறந்தது; நாளந்தாவின் முற்றத்தை மாதிரியாக வைத்து, இளஞ்சிவப்புச் செங்கல்லில் கட்டியது. அநேக அறைகளில் இன்றும் பாடம் நடக்கிறது. அதனால் வார நாளில் போனால் கதவு சாத்தியிருக்கலாம். விடுமுறை நாளாகப் பார்த்துப் போங்கள். டவுன்டவுனிலிருந்து 61, 71 வரிசை பஸ்கள் அந்தப் பக்கம்தான் போகும்.

இப்போது இந்தக் கட்டடங்களில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் கதை வேறு. கல்ஃபை 1980-களின் நடுவில் செவ்ரான் விழுங்கிவிட்டது. ஆல்கோவா 1990-களின் கடைசியில் ஆற்றின் எதிர்க்கரைக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். பி.பி.ஜி. தட்டைக் கண்ணாடித் தொழிலையே 2016-ல் மெக்சிகோவின் வித்ரோவுக்கு விற்றுவிட்டுப் பெயின்ட் கம்பெனியாகிவிட்டது. கண்ணாடிக் கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு பெயின்ட் விற்கிறார்கள். யு.எஸ். ஸ்டீல் 2025-ல் ஜப்பானின் நிப்பான் ஸ்டீல் கைக்குப் போனது. தலைமையகம் இன்னும் அந்த டவரில்தான், ஆனால் உச்சியில் இரவில் ஒளிரும் எழுத்துகள் யு.பி.எம்.சி. அது ஆஸ்பத்திரி நிறுவனம். 2008-லேயே பெயரை மேலே ஏற்றிவிட்டார்கள். ஊரில் சோறு போடுவது இன்று இரும்பு அல்ல, வைத்தியம் என்பதை அந்த எழுத்துகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

எங்கிருந்து பார்ப்பது? டவருக்கு மேலே ஏறிப் பார்க்கலாம் என்று நினைத்து வராதீர்கள். யு.எஸ். ஸ்டீல் டவரின் 62-ஆம் மாடியில் ஓர் உணவகம் இருந்தது, 2001-ல் மூடிவிட்டார்கள். மவுண்ட் வாஷிங்டன் மலைக்குப் போங்கள். சரிவில் ஏறும் ரயில் பெட்டி, இங்கே இன்க்லைன் என்பார்கள், இரண்டு இருக்கின்றன: 1870-ல் தொடங்கிய மொனொங்கஹேலா, 1877-ல் தொடங்கிய டுகேன். எனக்கு டுகேன் தான். அலிகெனியும் மொனொங்கஹேலாவும் கூடி ஒஹையோ ஆறாகும் முனையும், அதன் பின்னால் அத்தனை கட்டடங்களும் ஒரே பார்வையில் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து வருபவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு: ஃபோர்ட் பிட் சுரங்கத்தை விட்டு வெளியே வந்த நொடியில் பாலமும் ஆறும் கட்டடங்களும் ஒன்றாக முன்னால் வந்து நிற்கும். ஓட்டுபவர் ரோட்டைப் பார்க்கட்டும், மற்றவர்கள் பாருங்கள். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோவிலுக்கு வரும் நம்மவர்களில் பலர் கிழக்குப் பக்கமே வந்து, தரிசனம் முடித்து, புளியோதரை சாப்பிட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து டவுன்டவுன் அரைமணி நேரம்தான்.

மலைக்கு இருட்டும் நேரத்தில் போனால் கிரான்ட் பில்டிங்கின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிவதையும் பார்க்கலாம். 1920-களின் கடைசியில் வந்த கட்டடம், 485 அடி. அந்த விளக்கு மோர்ஸ் சங்கேதத்தில் 'பிட்ஸ்பர்க்' என்று ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டுகிறது. 2009-ல் யாரோ உட்கார்ந்து எழுத்தெழுத்தாகக் குறித்துப் பார்த்ததில் ஸ்பெல்லிங் தப்பு என்று தெரிந்து, பத்திரிகையில் செய்தியே வந்தது. கூட வருபவர்களில் யாருக்காவது மோர்ஸ் தெரிந்தால், இப்போது சரியாகச் சொல்கிறதா என்று பார்த்து இங்கே கமெண்டில் போடுங்கள்.