‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்த மனு

கேள்வி: கும்பகோணத்தில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் தஞ்சாவூர் திரும்பினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கைப்பையின் அடிப்பக்கம் பிளேடால் கிழிக்கப்பட்டிருந்தது. உள்ளே சின்ன டப்பாவில் வைத்திருந்த 5 பவுன் சங்கிலியும் ஒரு ஜோடி ஜிமிக்கியும் இல்லை. தை மாதம் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்திருந்த நகைகள். ஸ்டேஷனில் ‘நகைகளைக் காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்தோம். சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள். நகை 2014-ல் வாங்கியது, பில் இல்லை. மை போட்டுப் பார்க்கலாம் என்கிறார் மாமியார். இனி என்ன செய்வது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மை போடுவதை விட்டுவிடுங்கள். அதில் பெரும்பாலும் யாராவது ஒரு சொந்தக்காரர் பெயர்தான் வரும், நகை வராது.

சிக்கல் உங்கள் மனுவின் முதல் வரியில் இருக்கிறது. ‘காணவில்லை’ என்று எழுதினால் எங்கோ தவறவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது மட்டுமே, வழக்கு ஆகாது. பை பிளேடால் கிழிந்திருக்கிறது என்றால் அது திருட்டு. பஸ், ரயில் போன்றவற்றிலிருந்து பொருளைத் திருடினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 305-வது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை. இதற்கு முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., போட்டாக வேண்டும்.

ஆகவே நாளைக்கே இன்னொரு மனு கொடுங்கள். சி.எஸ்.ஆர். எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, “என் கைப்பையை பிளேடால் கிழித்து நகைகளைத் திருடியுள்ளனர்” என்று நேராக எழுதுங்கள். பஸ் ஏறிய நேரம், இறங்கிய நேரம், எந்த இருக்கை, பக்கத்தில் நின்றது யார், நடுவில் எங்கே நெரிசல் ஏறியது, கடைசியாக டப்பாவைப் பார்த்தது எப்போது என்பதெல்லாம் வேண்டும். டிக்கெட் இருந்தால் நகல் இணையுங்கள். பையைத் தைக்காதீர்கள், துவைக்காதீர்கள். அதுதான் உங்கள் முக்கியச் சாட்சி. பஸ் நிலையத்து கேமரா பதிவை எடுத்து வைக்கும்படியும் மனுவிலேயே கேளுங்கள். பல இடங்களில் 15 முதல் 30 நாளுக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும்.

“நடந்தது எங்கள் எல்லையில் இல்லை” என்று சொன்னால் அது காரணம் ஆகாது. பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-வது பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவலைப் பதிவு செய்யலாம். பிறகு உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்புவார்கள். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அதே சட்டத்தின் 175(3) பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

அடுத்தது நகையின் அடையாளம். பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். “5 பவுன் சங்கிலி 1” என்று எழுதினால் தமிழ்நாட்டில் ஆயிரம் சங்கிலிக்கு அது பொருந்தும். மொத்த எடை கிராமில் (பவுனுக்கு 8 கிராம்), நீளம், முறுக்கா தட்டையா, கொக்கி எஸ் வடிவமா, எந்த இடத்தில் அறுந்து பற்றவைத்தது, ஜிமிக்கியில் எந்தக் கல் விழுந்திருக்கிறது, திருகாணி மாற்றியதா, கடை முத்திரை என்ன எழுத்து என்று எழுதுங்கள். 2014-க்குப் பிறகு நடந்த ஏதாவது சொந்தக்காரர் கல்யாண ஆல்பத்தில் அந்தச் சங்கிலியோடு நீங்கள் நிற்கும் படத்தைப் பெரிதாக்கிப் பிரின்ட் எடுத்து இணையுங்கள்.

பில் இல்லை என்று சோர்ந்துபோக வேண்டாம். வாங்கிய கடையில் அன்று கொடுத்த போன் எண்ணையும் தோராயமான மாதத்தையும் சொல்லி நகல் கேளுங்கள். கணினியில் பில் போட்ட கடைகளில் கிடைக்க வாய்ப்பு உண்டு. இன்னொரு வழி பலருக்கு நினைவுக்கே வராது. இந்தச் சங்கிலியை எப்போதாவது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்து மீட்டீர்களா? மதிப்பீட்டாளர் மொத்த எடை, நிகர எடை, தரம் எல்லாம் குறித்திருப்பார். அந்தப் பழைய அடகுச் சீட்டு உங்கள் கையில் கிடைத்தால் பில்லுக்கு அடுத்த ஆதாரம் அதுதான். ஹால்மார்க்கில் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடான எச்.யூ.ஐ.டி. 2021-ல்தான் வந்தது, உங்கள் நகையில் இருக்காது. இருந்தாலும் அது நகைக்கடை வரைக்கும்தான் கொண்டுபோகும், உரிமையாளர் பெயர் அதில் இல்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் பரப்புவதானால் ஒரு அடையாளத்தையாவது சொல்லாமல் வையுங்கள். “நகை கிடைத்தது, முதலில் பணம் அனுப்புங்கள்” என்று போன் வந்தால் அந்த அடையாளத்தைக் கேளுங்கள். ஏதாவது அடகுக்கடையில் உங்கள் சங்கிலியைக் கண்டால் கடனைக் கட்டி மீட்க முயலாதீர்கள். சீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். நீங்களே மீட்டால் திருடனைப் பிடிக்கும் நூல் அறுந்துவிடும். வீட்டுக் காப்பீடு இருந்தால் இன்றே தெரிவியுங்கள். ஆனால் பல பாலிசிகளில் வீட்டுக்குள் இருக்கும் நகைக்குத்தான் காப்பீடு. வெளியே கொண்டுபோன நகைக்குத் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

திருடிய தங்கத்தைச் சீக்கிரமே உருக்கிவிடுவார்கள் என்பதால்தான் இவ்வளவு அவசரம். உருகினால் எடை ஒன்றைத் தவிர உங்கள் அடையாளம் எதுவும் மிஞ்சாது. முழு நகையாகவே பிடிபட்டால் உங்களை அழைத்து அடையாளம் காட்டச் சொல்வார்கள். கையில் கொடுக்க மாட்டார்கள், கோர்ட்டுக்குப் போகும். வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இடைக்கால ஒப்படைப்புக் கேட்டு நடுவரிடம் மனு போடுங்கள். படம் எடுத்து, எடை போட்டு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நகையை உரியவரிடம் கொடுத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. அப்படிக் கிடைத்தால் மகள் தை மாதம் போட்டுக்கொள்ளலாம். வழக்கு முடியும்வரை அதை விற்கவோ, அழித்து வேறு டிசைன் செய்யவோ கூடாது. கோர்ட் கேட்டால் அதே சங்கிலியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.