வாரண்டியில் இருக்கும் விலை உயர்ந்த வாட்சை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். ஐந்து வருட வாரண்டியோடு வாங்கிய ஆட்டோமேட்டிக் வாட்ச் (கை அசைவிலேயே சாவி ஏறும் வகை), வாரண்டி முடிய இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. இரண்டு வாரமாக நாளுக்கு 25 விநாடி வேகமாக ஓடுகிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். தெரிந்த வாட்ச் மெக்கானிக் ஒருவரோ அன்றைக்கே பார்த்துத் தருகிறேன் என்கிறார். யாரிடம் கொடுப்பது?

வாரண்டி இருக்கும்வரை பின்மூடியை வெளியார் யாரும் திறக்கக் கூடாது. மெக்கானிக் எவ்வளவு கைராசிக்காரராக இருந்தாலும் சரி. திறந்த தடம் உள்ளே தெரிந்துவிடும், அதற்குப் பிறகு எந்தப் பழுதுக்கும் வாரண்டி கேட்க முடியாமல் போகலாம். ஆனால் மூடியைத் திறக்காமலே அவர் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்களுக்கு முதலில் தேவைப்படுவதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று வேகம் பிடித்தால் முதலில் காந்தத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும். உள்ளே முன்னும் பின்னும் ஆடி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பேலன்ஸ் சக்கரத்தோடு முடியைப் போல மெல்லிய சுருள்வில் ஒன்று இருக்கிறது, ஹேர்ஸ்பிரிங் என்பார்கள். அது காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வில்லின் நீளம் குறைந்தது போல ஆகிவிடுவதால் சக்கரம் சட்டுச்சட்டென்று திரும்பும், வாட்ச் முந்தி ஓடும். போன் ஸ்பீக்கர், டேப்லெட் உறையில் இருக்கும் காந்தம், கைப்பையின் பூட்டு, இவை போதும். ஒரு சாதாரணத் திசைகாட்டியின் பக்கத்தில் வாட்சைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முள் ஆடிக்கொண்டே இருந்தால் சந்தேகம் வலுக்கும். காந்தம் எடுக்கும் கருவி பெரும்பாலான வாட்ச் மெக்கானிக்குகளிடம் இருக்கும். மேலே வைத்து எடுப்பதற்குச் சில விநாடிகள்தான், மூடியைத் தொடவே வேண்டாம். காந்தம் வெளியிலிருந்து வந்த காரணம் என்பதால் பொதுவாக அதை வாரண்டிக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு மாதம் காத்திருந்து அதற்குக் கட்டணமும் கட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் வாட்சில் சிலிக்கான் ஹேர்ஸ்பிரிங் இருந்தாலோ, 15,000 காஸ் காந்தப் புலத்தில் வைத்து, மெட்டாஸ் என்ற சுவிஸ் அளவியல் நிறுவனத்தின் சான்று பெற்ற மாடலாக இருந்தாலோ, இந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

காந்தம் எடுத்த பிறகும் 25 விநாடி குறையவில்லை என்றால் கம்பெனிக்கே அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு கணக்கு. சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்று தரும் காஸ்க், 15 நாள் சோதனையில் சராசரியாக நாளுக்கு 4 விநாடி பின்தங்குவது முதல் 6 விநாடி முந்துவது வரை அனுமதிக்கிறது. ரோலெக்ஸ் தனக்கு வைத்திருக்கும் வரம்பு முன்னும் பின்னும் 2 விநாடி. மெட்டாஸ் சான்றில் பின்தங்கவே கூடாது, முந்தினாலும் 5 விநாடிக்குள். சான்று இல்லாத வாட்சுக்குக் கம்பெனி வைத்திருக்கும் வரம்பு இவற்றைவிடத் தளர்வாக இருக்கும், கேட்டால் சொல்வார்கள். "வேகமா ஓடுது" என்று மொட்டையாகச் சொன்னால் எதுவும் நடக்காது. "உங்கள் வரம்பு இது, என் வாட்ச் பத்து நாளாக ஓடுவது இது" என்று தாளை நீட்டினால் பேச்சே வேறு.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்கு நடந்தது. எந்த பிராண்ட் என்பது இங்கே முக்கியமில்லை. ஆறு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வாட்ச் அது.

மூன்றாம் வருடம் காலையில் எழுந்து பார்த்தால் நின்றிருக்கும். முந்தின நாள் முழுக்கக் கையில் கட்டியிருந்தும் நின்றிருக்கும். உட்கார்ந்தே வேலை செய்கிறோம், கை அசைவு போதவில்லை போலிருக்கிறது என்று முதலில் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கு, கிரவுனை, அதாவது பக்கவாட்டில் இருக்கும் குமிழைத் திருகி 40 சுற்று சாவி கொடுத்து, டயல் மேலே பார்த்தபடி மேசையில் வைத்தேன். தொடவே இல்லை. திங்கள் காலை எடுத்துப் பார்த்தபோது முட்கள் 5 மணி 10 நிமிடத்தில் நின்றிருந்தன. நின்ற வாட்ச் தான் நின்ற நேரத்தைத் தானே சொல்லிவிடும், அதுதான் வசதி. ஆக 69 மணி நேரம் ஓடியிருக்கிறது. கையேட்டில் போட்டிருந்தது 70. வாட்சை ஓட்டும் பெரிய வில்லான மெயின்ஸ்பிரிங்கில் குறையில்லை, கையால் சாவி கொடுத்தால் முழுசாக ஏறுகிறது.

அடுத்து, முற்றிலும் நின்ற நிலையிலிருந்து சாவியே கொடுக்காமல் பத்து மணி நேரம் கையில் கட்டினேன். இரவு 9 மணிக்குக் கழற்றினேன். விடியற்காலை 4 மணிக்கு நின்றுவிட்டது. மறுநாளும் கிட்டத்தட்ட அதேதான். கை அசைவை வில்லுக்குக் கொண்டுபோகும் பகுதியில்தான் கோளாறு என்பது மெக்கானிக் இல்லாத எனக்கே புரிந்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அந்த நோட்டை எடுத்துக்கொள்ளாமலேயே சர்வீஸ் சென்டருக்குப் போனதுதான் நான் செய்த தப்பு.

கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "கீழ போட்டீங்களா சார்?" என்று கேட்டார். "இல்லைங்க, எப்பவாவது கதவுல லேசா இடிச்சிருக்கும், அவ்வளவுதான்" என்றேன். அவர் தட்டச்சு செய்தார், ரசீது வந்தது, படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். 22 நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது: அடிபட்டதால் ஏற்பட்ட பழுது, வாரண்டியில் வராது, முழு சர்வீஸ் கட்டணம் இவ்வளவு, சம்மதமா? பதறிப்போய் ரசீதை எடுத்துப் பார்த்தேன். "வாடிக்கையாளர் கூறியது: அடிபட்டது, நின்றுவிடுகிறது" என்று இருந்தது. வாயிலிருந்து சும்மா வந்த ஒரு வார்த்தை, என் கையெழுத்தோடு எனக்கே எதிர்ச்சாட்சியாக நின்றது.

சம்மதம் என்றும் அழுத்தவில்லை, வேண்டாம் என்றும் அழுத்தவில்லை. பதிலாக மூன்று கேள்வி எழுதினேன். பழுதான பாகம் எது, அதன் படம் அனுப்ப முடியுமா? அந்தப் பாகம் அடிபட்டுத்தான் கெட்டது என்பதற்கு என்ன அடையாளம்? வாட்ச் வந்த அன்று டைம்கிராஃபரில் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) எடுத்த அளவுகள் என்ன? கோபமாக ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதத் தோன்றியது, ஆனால் கோபக் கடிதத்துக்கு மன்னிப்புக் கடிதம்தான் பதிலாக வரும், தகவல் வராது.

ஒன்பது நாளில் பதில் வந்தது. கை அசைவில் சுழலும் எடைத் தகடான ரோட்டர் எந்தப் பக்கம் சுழன்றாலும் வில்லை ஒரே திசையில் முறுக்க உதவும் சின்ன ரிவர்சிங் சக்கரங்கள் எண்ணெய் காய்ந்து தேய்ந்திருக்கின்றன. முழுச் சாவியில் ஆம்ப்ளிடியூட் 285 டிகிரி. இந்த எண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. ஆம்ப்ளிடியூட் என்பது பேலன்ஸ் சக்கரம் ஒரு பக்கம் எவ்வளவு தூரம் சுழல்கிறது என்பதன் அளவு. முழுச் சாவியில் 270-க்கு மேல் என்றால் நல்ல ஆரோக்கியம். வாட்சுக்குப் பலமாக அடிபட்டால் முதலில் பாதிக்கப்படக்கூடியது அந்தப் பேலன்ஸ் அச்சின் மெல்லிய முனைதான். அது வளையும், அல்லது ஹேர்ஸ்பிரிங் இடம் மாறும், அல்லது ரோட்டரின் பேரிங் கெடும். இங்கே இவற்றில் எதுவும் இல்லை, எண்ணெய் இல்லாத தேய்மானம் மட்டும். கதவில் லேசாக இடித்தால் எண்ணெய் காயுமா? இதையேதான் எழுதினேன். நோட்டுப் பக்கங்களின் படத்தையும், கொடுப்பதற்கு முன் வீட்டில் எடுத்திருந்த கேஸின் (வாட்சின் வெளிக்கூட்டின்) படங்களையும் இணைத்தேன். ஒரு வாரத்தில் "வாரண்டியில் செய்து தருகிறோம்" என்று வந்தது.

அதனால் கவுண்டரில் நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தை அவசரப்படாமல் பயன்படுத்துங்கள். குறையை நீங்களே இரண்டு வரியில் எழுதிக் கொண்டுபோய், அப்படியே ரசீதில் ஏற்றச் சொல்லுங்கள். உங்கள் வாட்சுக்கு, "பத்து நாள் சராசரி நாளுக்கு 25 விநாடி வேகம், காந்தம் எடுத்த பிறகும் அதே நிலை" என்று இருந்தால் போதும். உண்மையிலேயே கீழே விழுந்திருந்தால் மறைக்காதீர்கள், திறந்தால் தெரிந்துவிடும். விழவில்லை என்றால் "விழவில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேஸின் நான்கு பக்கமும், கண்ணாடி, செயின் கொக்கி, சீரியல் எண், எல்லாவற்றையும் வெளிச்சத்தில் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். ரசீதில் "கீறல்கள் உள்ளன" என்று பொதுவாகப் போடுவார்கள். எங்கே, எத்தனை என்று எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவர்களும் உண்டு, பரவாயில்லை. தோல்வாரை வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, என் அனுபவத்தில் ஈடு செய்யவே முடியாமல் போனது. பாலிஷ். எனக்கு முதலில் வந்த முழு சர்வீஸ் எஸ்டிமேட்டில் கேஸ் பாலிஷும் அடக்கம். பிறகு அது வாரண்டி வேலையாக மாறியபோது பாலிஷை நீக்க யாரும் நினைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாட்ச் பளபளவென்று திரும்பி வந்தது. வார் மாட்டும் கொம்புகளில், கோடு கோடாக மங்கலாக இருக்கும் பரப்பும் கண்ணாடி போன்ற பரப்பும் சந்திக்கும் இடத்தில் கத்தி முனை போல ஒரு விளிம்பு இருந்தது. விரல் நகத்தால் தடவினால் தெரியும். இப்போது அது மழுங்கிவிட்டது. பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான், எடுத்த உலோகம் திரும்ப வராது. கீறலோடு இருந்த என் பழைய வாட்ச்தான் எனக்கு வேண்டும் என்று அன்று ராத்திரி முழுக்க மனசு ஆறவில்லை. "பாலிஷ் செய்யக் கூடாது" என்று ரசீதில் எழுத வையுங்கள், எஸ்டிமேட் மாறும் ஒவ்வொரு முறையும் அதைத் திரும்பச் சொல்லுங்கள். தாத்தா காலத்து வாட்சைக் கொடுப்பவர்கள் டயலையும் முட்களையும் மாற்றக் கூடாது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். புதிதாகத் தெரிய வேண்டும் என்று மாற்றிவிடுவார்கள், பழைய பாகம் எல்லா இடத்திலும் திரும்பக் கிடைக்காது.

வாரண்டி அட்டை விஷயத்தில் தேதி முக்கியம். அங்கீகாரம் பெற்ற கடை அட்டையில் போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு, உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. வெளிச்சந்தையில் வாங்கியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள், ஒரு வருடம் ஏற்கெனவே கழிந்திருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி காலமும் வேறு. ரோலெக்ஸ் 2015 ஜூலையிலிருந்தும் ஒமேகா 2018 நவம்பரிலிருந்தும் 5 ஆண்டு தருகின்றன. கார்டியே, ஐடபிள்யூசி போன்றவை 2 ஆண்டு கொடுத்து, அந்தக் காலத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தால் 8 ஆண்டு வரை நீட்டிக்கின்றன. இந்தப் பதிவைச் செய்யாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். கண்ணாடி உடைவது, தோல்வார் தேய்வது, கிரவுனைச் சரியாக மூடாமல் தண்ணீர் புகுவது, இவை பெரும்பாலும் எந்த வாரண்டியிலும் வராது. கண்ணாடிக்கு உள்ளே பனி படிந்தது போலத் தெரிந்தால் மட்டும் பத்து நாள் குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள், அன்றே கொண்டுபோங்கள். துரு காத்திருக்காது.

திரும்ப வாங்கும்போது கவுண்டரை விட்டு நகரும் முன் கால் மணி நேரம் நில்லுங்கள். போன் டார்ச்சை டயலுக்குச் சாய்வாக அடித்துப் பார்த்தால் கண்ணாடிக்கு உள்ளே தூசி இருந்தால் தெரியும். என் வாட்சில் 7-ஆம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை நூல் துணுக்கு இருந்தது, அங்கேயே காட்டியதால் அங்கேயே எடுத்துக் கொடுத்தார்கள். முள்ளைத் திருப்பி, தேதி 12 மணியை ஒட்டி மாறுகிறதா என்று பாருங்கள். கிரவுன் மணல் அரைப்பது போல இல்லாமல் வழுக்கிக்கொண்டு மூட வேண்டும். தண்ணீர்ச் சோதனை செய்த சீட்டையும், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்ற தாளையும் கேட்டு வாங்குங்கள். செய்த வேலைக்கும் தனி வாரண்டி உண்டு, ரோலெக்ஸும் ஒமேகாவும் 2 ஆண்டு தருகின்றன. வீட்டுக்கு வந்ததும் அதே நோட்டில் இன்னொரு பத்து நாள் எழுதுங்கள். நாளுக்கு 25 விநாடி என்று நீங்கள் எழுதிக் கொடுத்த தாளுக்கு எதிரே வைத்துப் பார்க்க அந்தப் பத்து எண்கள் வேண்டும்.