இங்கிலாந்தில் நிறம் பார்த்து மார்க் போடுவார்களா?

தம்பி, வீடு, பகுதிநேர வேலை பற்றியெல்லாம் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டாதீர்கள், விசாவுக்கு ஆபத்து. அதோடு விடுகிறேன். போகிற போக்கில், "நிறம் பார்த்து மார்க் போடுவார்களா?" என்று கேட்டீர்களே, அதற்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இடைவெளி இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பும் தேசிய மாணவர் சங்கமும் 2019-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஃபர்ஸ்ட் அல்லது டூ-ஒன் (பட்டத்தின் மேல் இரண்டு தரங்கள்) வாங்குவதில் வெள்ளை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் 13 சதவீதப் புள்ளி வித்தியாசம். கறுப்பின மாணவர்கள் நிலை இன்னும் மோசம். இது இங்கேயே வசிக்கும் பிள்ளைகளின் கணக்கு. விசாவில் வருகிறவர்கள் இதில் சேர்த்தி இல்லை. பள்ளியில் ஒரே மதிப்பெண் வாங்கி நுழைந்தவர்களுக்குள்ளும் இது முழுதாக மறைவதில்லை. ஆகவே, "நம்ம பிள்ளைங்க ஒழுங்கா படிக்கலை" என்று பொங்கல் விழாவில் பேசும் பெரியவர்களை நம்பாதீர்கள். தன் மகன் ஃபர்ஸ்ட் வாங்கிவிட்டால் நாட்டில் பாகுபாடே ஒழிந்தது என்பார்கள்.

பரீட்சைத் தாளில் பெரும்பாலும் பெயர் இருக்காது, எண்தான். அதனால் மட்டும் தீர்ந்துவிடவில்லை. விஷயம் தாள் திருத்துவதற்கு முன்பே ஆரம்பிக்கிறது. நான் வந்த புதிதில் குரூப் பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். கண் இமைப்பதற்குள் வெள்ளைப் பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நின்ற நானும் ஒரு நைஜீரியப் பையனும் ஒரு வங்காளதேசப் பெண்ணும் ஒரு குரூப்.

கட்டுரை திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே வரி: 'விமர்சனப் பார்வை போதாது'. நான் மடித்து வைக்கப் போனேன். அந்த நைஜீரியன் விடவில்லை, எந்தப் பத்தியில் போதாது என்று கேட்போம் வா என்று இழுத்துப் போனான். பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒரு பத்தியை வட்டமிட்டு, "இந்த ஆள் சொல்வதை நீ ஏற்கிறாயா? ஏன்? அதை எழுது" என்றார். பெற்றோர் பல்கலைக்கழகம் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடுகிறது.

நீங்களும் போய்க் கேளுங்கள், மார்க் வருவதற்கு முன்பே. வந்தபின் 'குறைவாகப் போட்டுவிட்டார்' என்று மட்டும் சொல்லி அப்பீல் செய்ய முடியாது, நடைமுறையில் கோளாறு போன்ற காரணம் இருந்தால்தான் எடுப்பார்கள். அப்புறம், இங்கே பேராசிரியரைப் பெரும்பாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இன்று சரளமாகக் கூப்பிடுகிறேன். அப்போது வாய் வராமல், 'எக்ஸ்கியூஸ் மீ' என்றே ஒரு பருவம் முழுக்க ஓட்டினேன்.