மோர்லே வணிகர் வீடு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்சில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். பிரிட்டனியில் மோர்லே என்ற ஊருக்கு அழைத்துப்போனாள். அங்கே ‘ஆன் கோமகள் வீடு’ என்று ஒரு பழைய மரவீடு. உள்ளே போய் அண்ணாந்தால் கூரைவரை வெறும் வெளி. எனக்கு நம் செட்டிநாட்டு முற்றம்தான் நினைவுக்கு வந்தது. ஆன் அரசி அங்கே வாழ்ந்தாரா? அவ்வளவு நெருக்கமான தெருவில், வீட்டுக்குள் இத்தனை இடத்தை எதற்குச் சும்மா விட்டார்கள்? மாடிகள் ஏன் தெருவுக்குள் துருத்திக்கொண்டு நிற்கின்றன?

எம்.

அன்புள்ள எம்.,

ஆன் 1505-ல் மோர்லேக்கு வந்துபோனவர். அங்கே குடியிருந்தவர் அல்ல. பிரிட்டனியின் கடைசிச் சுதந்திரக் கோமகள், பிரான்சின் இரண்டு மன்னர்களை அடுத்தடுத்து மணந்தவர். அந்தப் பக்கத்தில் பழைய கட்டடம் எதைக் கண்டாலும் அவர் பெயரைச் சூட்டிவிடுவார்கள். நீங்கள் பார்த்தது வணிகர் வீடு. பிரிட்டனியின் லியோன் பகுதிக் கிராமங்களில் நெய்த லினன் துணி மோர்லே துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது. அந்தப் பணம்தான் அந்தத் தெருக்களில் மரமாக நிற்கிறது.

இடத்தைச் சும்மா விடவில்லை. அந்தக் காலத்தில் பிரான்சின் பிற பகுதிகளில் பிரபு வம்சத்தார் வியாபாரத்தில் இறங்கினால் பட்டம் பறிபோகும். பிரிட்டனியின் வழக்கம் வேறு. வியாபாரம் செய்யும் காலம்வரை பட்டத்தைத் ‘தூங்கப் போடலாம்’. அதுவரை சாமானியரைப் போல வரி கட்ட வேண்டும். கடையை மூடியதும் பட்டத்தை எழுப்பிக்கொள்ளலாம். பட்டம் தூங்கினாலும் பவிசு தூங்குமா? கிராமத்து மாளிகையில் கூரைவரை உயர்ந்த கூடமும், அதில் பெரிய கணப்பும் இருக்கும். பிரபுவின் அடையாளம் அது. அந்தக் கூடத்தைத்தான் நகரத்தின் ஒடுக்கமான மனையில், முன்பக்கக் கடைக்கும் பின்கட்டுக்கும் நடுவே தூக்கி நிறுத்தினார்கள். சரக்கு வாங்க வருபவர் கடையைத் தாண்டியதும் அண்ணாந்து வாய் பிளக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் முற்றம் என்ற ஒப்பீட்டை நான் பாதிதான் ஏற்பேன். முற்றத்தில் மழை விழும், நெல் காயும். இங்கே மேலிருந்து வெளிச்சம் மட்டும்தான் இறங்கும். கணப்பின் சூடு முழுக்க மேலே ஏறிவிடும் என்பதால், குளிர்காலத்தில் குடியிருக்க லாயக்கில்லாத ஏற்பாடு என்றே சொல்வேன்.

கூடம் வீட்டை இரண்டாகப் பிளந்துவிடுவதால் ஒரு சிக்கல் வருகிறது. முன் அறையிலிருந்து பின் அறைக்கு எப்படிப் போவது? இதற்குத் தச்சர்கள் கண்ட வழிதான் பொந்தாலேஸ். ஒரு மூலையில் சுழல்படி. ஒவ்வொரு தளத்திலும் அதிலிருந்து கிளம்பி, கூடத்தின் பக்கச்சுவரை ஒட்டியே ஓடி முன்னறையைத் தொடும் மரப்பாலம். இந்த வகை வீடுகளுக்கே அந்தப் பெயர்தான். சுழல்படியின் நடுத்தூணைக் கவனித்தீர்களா? ஓக் மரம், சுமார் 11 மீட்டர் உயரம். தளத்துக்குத் தளம் புனிதர் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். படியேறுகிறவர் கண்ணுக்கு நேராக ஒவ்வொருவராக வருவார்கள்.

துருத்தும் மாடிகளுக்கு, தரைப்பரப்புக்கு மட்டும் வரி என்பதால் மேலே நீட்டிக்கொண்டார்கள் என்று வழிகாட்டிகள் ஒரு கதை சொல்வார்கள். தச்சு வேலையிலேயே போதுமான காரணம் இருக்கும்போது அந்தக் கதை தேவையில்லை. தளத்தைத் தாங்கும் உத்தரங்களைச் சுவருக்கு வெளியே நீட்டி, அந்த நுனியில் மேல்சுவரை ஏற்றுகிறார்கள். நுனியில் விழும் பாரம், உத்தரம் நடுவில் தொய்வதைக் குறைக்கிறது. தளத்துக்குத் தளம் தனித்தனிக் கால்கள் என்பதால் நெடுமரம் தேட வேண்டாம். மழைநீரும் கீழ்ச்சுவரில் வழியாமல் தெருவில் சொட்டும். அறையும் கொஞ்சம் பெரிதாகிறது. பிரிட்டனி மழையைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது காரணம் ஒன்றே போதும்.

1522-ல் ஆங்கிலேயர் கடல்வழி வந்து மோர்லேயைச் சூறையாடித் தீ வைத்தார்கள். மர ஊர் எப்படி எரிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மிஞ்சியவற்றையும் பின்னால் கட்டியவற்றையும் இடித்துப் பிரித்தது பிற்காலம். கிராந்த் ரூ தெருவின் ஒரு வீட்டுப் படிக்கட்டு இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வீட்டிலிருந்து கழற்றிய படியைப் பார்த்தால் வேலைப்பாடு புரியும், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது புரியாது. மகளைப் பார்க்க மறுபடி போனால், அதே தெருவின் 9-ஆம் எண் வீட்டையும் பாருங்கள். மோர்லே அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. திறந்திருக்கும் மாதங்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.